நெய்ததைப் பிரிக்கலாமோ? கடந்த காலத்திற்குத் திரும்பும் ஆற்றலும் அதன் அறச்சுமையும்

“அன்று மட்டும் அவ்வாறு செய்யாதிருந்தால்” என்னும் ஏக்கத்தை அறியாத மனிதர் இலர். சாவு வீட்டிலும், மருத்துவமனைத் தாழ்வாரத்திலும், உறக்கம் வாராத இரவிலும் இவ்வேக்கம் எழுகின்றது. நடந்தது நடவாதிருந்திருக்கலாகாதா, அந்நாளுக்கு ஒருமுறை திரும்பிச் செல்ல வழி இல்லையா என்று உள்ளம் கேட்கின்றது.

இவ்வேக்கத்திற்குக் கதைவடிவம் கொடுத்தவர் பலர். எச். ஜி. வெல்ஸ் 1895இல் வெளியிட்ட ‘கால இயந்திரம்’ என்னும் ஆங்கிலப் புதினம் காலப் பயணம் என்னும் கற்பனையை உலகெங்கும் பரப்பியது. தமிழ்த் திரைப்படங்களிலும் இக்கற்பனை இடம் பெற்றுள்ளது. 2015இல் வெளிவந்த ‘இன்று நேற்று நாளை’ என்னும் படத்தில், கடந்த காலத்தில் நேர்ந்த ஒரு சிறு தலையீட்டினால், மடிந்துபோயிருக்க வேண்டிய கொடியவன் ஒருவன் பிழைத்துக்கொள்கிறான். 2022இல் வெளிவந்த ‘கணம்’ என்னும் படத்தில், இளைஞன் ஒருவன் விபத்தில் இறந்த தன் தாயைக் காப்பாற்ற 1998ஆம் ஆண்டிற்குத் திரும்புகிறான். இவை பொழுதுபோக்கிற்காக எழுந்த கதைகளே. ஆயினும் இவை எழுப்பும் வினா பொழுதுபோக்கானது அன்று. அத்தகைய ஆற்றல் ஒருவருக்கு வாய்க்குமானால், அது அவருக்கு விடுதலையாகுமா, அல்லது தாங்கொணாச் சுமையாகுமா? இக்கட்டுரை அவ்வினாவை ஆராய முற்படுகின்றது.

1. இயலுமா என்னும் வினா

முதலில் அறிவியல் கூறுவதைச் சுருக்கமாகக் காண்போம். 1915இல் ஆல்பர்ட் ஐன்ஸ்டைன் வகுத்த பொதுச் சார்பியல் கோட்பாடு காலத்தையும் வெளியையும் ஒன்றாகப் பிணைத்தது. 1949இல் கர்ட் கேடல் என்னும் கணித அறிஞர், அக்கோட்பாட்டின் சமன்பாடுகளுக்குத் தாம் கண்ட ஒரு தீர்வில், முன்னோக்கிச் சென்றுகொண்டே தன் கடந்த காலத்தை அடையக்கூடிய பாதைகள் உண்டு என்று காட்டினார். ஆனால் அத்தீர்வு விவரிப்பது முழுமையாகச் சுழலும் ஓர் அண்டத்தை. நாம் வாழும் அண்டம் அத்தகையதாகக் காணப்படவில்லை. 1992இல் ஸ்டீபன் ஹாக்கிங், இத்தகைய பாதைகள் உருவாகாதபடி இயற்கை விதிகளே தடுக்கும் என்னும் கருதுகோளை வெளியிட்டார். கடந்த காலத்திற்குச் செல்லும் வழி எதுவும் இதுவரை கண்டறியப்படவில்லை என்பதே இன்றைய நிலை.

இயற்பியலார் பேசுவதற்கு மிக முன்னரே மெய்யியலாரும் இறையியலாரும் இதைப் பற்றிப் பேசினர். நடந்ததை நடவாததாக்கும் ஆற்றல் கடவுளுக்கும் இல்லை என்னும் கருத்தைக் கிரேக்கக் கவிஞர் அகத்தோன் கூறியதாக அரிஸ்டாட்டில் தம் ஒழுக்கவியல் நூலில் எடுத்துக்காட்டுகிறார். 11ஆம் நூற்றாண்டில் பீட்டர் தமியான் என்னும் துறவி, கடவுளின் வல்லமையைப் பற்றி எழுதிய மடல் ஒன்றில் இதே வினாவை எழுப்பி, அவ்வல்லமைக்கு மனிதர் எல்லை கற்பிக்கலாகாது என்று வாதிட்டார். 13ஆம் நூற்றாண்டில் தாமஸ் அக்குவினாஸ் வேறொரு விடை தந்தார். நடந்தது நடக்கவில்லை என்பது தன்னிலேயே முரண்பாடு. முரண்பாடானது வல்லமையின் எல்லைக்குள் வருவதே இல்லை என்றார். அவர் மேலும் ஒன்றைச் சேர்த்தார்: கடவுள் குற்றத்தின் கறையை முற்றிலும் நீக்க வல்லவர்; ஆனால் குற்றம் ஒருகாலத்தில் நிகழ்ந்தது என்னும் உண்மை நீங்குவதில்லை. இவ்வேறுபாட்டை வாசகர் நினைவில் கொள்ள வேண்டுகிறோம். இக்கட்டுரையின் முடிவில் அதற்குத் திரும்புவோம்.

இயலாத ஒன்றைப் பற்றி ஏன் ஆராய வேண்டும் எனச் சிலர் கேட்கலாம். இயந்திரம் இல்லையெனினும், மனச்சான்று அவ்வியந்திரம் தன் கையில் இருந்ததைப் போலவே நடந்துகொள்கிறது. இன்று அறிந்ததை அன்றே அறிந்திருக்க வேண்டும் என்று அது நம்மைக் குற்றஞ்சாட்டுகிறது. ஆகவே இவ்வாற்றலின் இயல்பை ஆராய்வது, நம் குற்றவுணர்வின் இயல்பை ஆராய்வதாகவும் அமைகின்றது.

2. தறி கற்பிக்கும் பாடம்

திருவண்ணாமலை மாவட்டத்தின் வந்தவாசி வட்டத்தில் தேசூர் என்னும் பேரூர் உள்ளது. ஆரணிப் பட்டு என்னும் பெயரால் அறியப்படும் பட்டுப்புடவைகளை நெய்யும் ஊர்களுள் இதுவும் ஒன்று. நம் ஆய்வுக்குத் தேவையான உவமையை இவ்வூர்த் தறிகளிலேயே காணலாம்.

தறியில் நீளவாட்டில் இழுத்துக் கட்டப்பட்டிருப்பது பாவு. குறுக்கே நாடாவால் செலுத்தப்படுவது ஊடை. ஒவ்வோர் ஊடையும் தனக்கு முன் சென்ற ஊடையின்மேல் அடித்து நெருக்கப்படுகிறது. நெய்த துணி சிறிது சிறிதாகப் படைமரத்தில் சுற்றப்பட்டு நெசவாளரின் பார்வையினின்று மறைகிறது. இச்சொற்கள் திருமறை வாசகருக்குப் புதியவை அல்ல. கோலியாத்தின் ஈட்டிக்குப் படைமரமும், யோபுவின் நாட்களுக்கு நாடாவும் உவமைகளாக வந்துள்ளன (1 சாமுவேல் 17:7, யோபு 7:6).

நெய்துகொண்டிருக்கையில் ஒரு பிழை கண்ணுக்குப் படுகின்றது என்று கொள்வோம். அது இரண்டு மூன்று ஊடைகளுக்கு முன் நேர்ந்ததாயின், நெசவாளர் அவற்றை எடுத்துவிட்டு மீண்டும் நெய்வார். ஆனால் அப்பிழை ஒரு முழத்துக்கு முன் நேர்ந்ததாயின் என் செய்வது? அவ்விடத்தை அடைய வேண்டுமெனில், அதற்குப்பின் சென்ற ஊடைகள் அனைத்தையும் ஒவ்வொன்றாக உருவியெடுத்தாக வேண்டும். பிழையற்ற பூவேலையும், கரையும், பல நாள் உழைப்பும் அத்துடன் போய்விடும். அதுவுமன்றி, அவ்வாறு எடுக்கும்போது மெல்லிய பட்டுப் பாவு உராய்ந்து நலிவுறும். எனவே பட்டறிவுடைய நெசவாளர் ஆழத்தில் உள்ள பிழையைப் பெரும்பாலும் அவ்வாறே விட்டு, மேற்கொண்டு செம்மையாக நெய்வார். பிழையை அவர் பொருட்படுத்தவில்லை என்பது இதன் பொருள் அன்று. பிழைக்குப்பின் வந்த நல்லவை யாவும் அப்பிழையின்மேலேயே நெய்யப்பட்டுள்ளன என்பதை அவர் அறிவார்.

வரலாறும் இவ்வாறே நெய்யப்படுகின்றது. தேசூருக்கு அண்மையிலுள்ள வந்தவாசியில் 1760ஆம் ஆண்டு ஜனவரி 22ஆம் நாள் ஐர் கூட் தலைமையிலான ஆங்கிலப் படை, லாலி தலைமையிலான பிரெஞ்சுப் படையை வென்றது. தென்னிந்தியாவில் ஆங்கில ஆட்சி வேரூன்ற அப்போர் வழிவகுத்தது. அந்நிய ஆட்சியின் கொடுமைகளை எண்ணி, அந்நாளுக்குத் திரும்பிச்சென்று போரின் முடிவை மாற்ற ஒருவர் விரும்பக்கூடும். ஆனால் அதற்குப்பின் நேர்ந்த குடிபெயர்வுகள், திருமணங்கள், பிறப்புகள் யாவும் வேறாகியிருக்கும். மாற்ற விரும்பும் அவரே பிறந்திருக்கமாட்டார். 1984இல் டெரெக் பார்ஃபிட் என்னும் மெய்யியலார் இதைத் தெளிவாக எடுத்துரைத்தார்: கருவுறும் காலம் சிறிது மாறினும் பிறப்பவர் வேறொருவரே. ஒரு நாளை மாற்றுவது என்பது, அந்நாளுக்குப்பின் பிறந்தோரை இல்லாமற் செய்வதாகவும் முடியும்.

3. எசேக்கியாவின் பதினைந்து ஆண்டுகள்

இவ்வுண்மையைத் திருமறையின் ஒரு நிகழ்ச்சி நமக்கு முன் நிறுத்துகின்றது. எசேக்கியா அரசர் நோயுற்று மரணத் தறுவாயில் இருந்தார். அவருடைய வேண்டுதலுக்கு விடையாக அவருடைய வாழ்நாளுடன் பதினைந்து ஆண்டுகள் கூட்டப்பட்டன. அதற்கு அடையாளமாக, ஆகாசின் சூரியக் கடிகாரத்தில் நிழல் பத்துப் பாகை பின்னோக்கிச் சென்றது (2 இராஜாக்கள் 20:1–11). இங்குக் காலம் பின்னோக்கிச் செல்லவில்லை. நிகழ்ந்தது எதுவும் அழிக்கப்படவில்லை. எனினும், சென்றுவிட்ட பொழுது திரும்பியது போன்ற ஓர் அடையாளத்தைத் திருமறை இங்குக் காட்டுகின்றது. அதே அரசர் தம் நோய்க்காலத்தைப் பற்றிப் பாடுகையில், தறியினின்று அறுத்தெடுக்கப்படும் துணிக்குத் தம் வாழ்வை ஒப்பிடுகிறார் (ஏசாயா 38:12).

கூட்டப்பட்ட அப்பதினைந்து ஆண்டுகளில் நிகழ்ந்தவை யாவை? பாபிலோன் அரசனின் தூதர் வந்தபோது எசேக்கியா தம் கருவூலங்கள் அனைத்தையும் அவர்களுக்குக் காட்டினார். அவை ஒருநாள் பாபிலோனுக்கே எடுத்துச்செல்லப்படும் என்று தீர்க்கர் உரைத்தார். அடுத்து அரசனான மனாசே அரியணை ஏறியபோது அவனுக்கு வயது பன்னிரண்டு (2 இராஜாக்கள் 21:1). நூலின் கணக்கை அவ்வாறே கொண்டால், அவன் பிறந்தது இப்பதினைந்து ஆண்டுகளுக்குள்ளேயே. அவன் குற்றமற்றோரின் இரத்தத்தால் எருசலேமை நிரப்பினான் என்றும், யூதாவின் வீழ்ச்சிக்கு அவனுடைய பாவங்கள் காரணமாயின என்றும் அந்நூலே கூறுகின்றது.

இதைக் கேட்டவுடன், எசேக்கியா அன்றே இறந்திருக்கலாகாதா என்று கேட்கத் தோன்றும். ஆனால் நூல் அத்துடன் நிற்கவில்லை. மனாசேயின் பேரன் யோசியா. யூதாவின் அரசருள் சீர்திருத்தத்திற்குப் பெயர் பெற்றவர். மத்தேயு எழுதிய இயேசுவின் வம்சவரலாற்றில் எசேக்கியாவும் மனாசேயும் யோசியாவும் ஒருவர்பின் ஒருவராக நிற்கின்றனர் (மத்தேயு 1:10). மனாசேயை உருவியெடுத்தால் யோசியாவும் அத்துடன் போகிறார். கொடியவனும் நல்லவரும் ஒரே பாவில் நெய்யப்பட்டுள்ளனர். எந்த ஊடையை எடுக்கலாம் என்று தீர்ப்புச் சொல்லும் தகுதி எவருக்கு உண்டு? ஓர் ஆயுளை நீட்டுவதன் விளைவை எசேக்கியா அறியார். அதனை மறுப்பதன் விளைவை நாமும் அறியோம்.

4. 2004 டிசம்பர் 26

பழைய நூலினின்று அண்மைக் காலத்திற்கு வருவோம். 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாள், ஞாயிற்றுக்கிழமை, இந்திய நேரப்படி காலை 6.29 மணியளவில் சுமத்திராவிற்கு அருகே கடலடியில் பெரும் நிலநடுக்கம் ஏற்பட்டது. அதனால் எழுந்த ஆழிப்பேரலை தமிழ்நாட்டுக் கரையை அடைவதற்கு இரண்டு மணி நேரத்திற்கும் மேலாயிற்று. தமிழ்நாட்டில் ஏறக்குறைய 8,000 பேர் மாண்டனர். நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் 6,000 பேருக்கு மேல் உயிரிழந்தனர். அவர்களுள் குழந்தைகள் மிகப் பலர்.

அந்த இரண்டு மணி நேரத்திற்குத் திரும்பிச் செல்லும் ஆற்றல் ஒருவருக்கு இருக்குமானால் அவர் செய்ய வேண்டியது யாது? கரையோரம் ஓடி, ஊராரை மேட்டிற்கு அழைத்துச் செல்வதே அவருடைய கடமை என்று தயக்கமின்றிக் கூறுவோம். செய்யாவிடில் அவர் கொலைக்கு உடந்தையாவார் என்றும் கூறுவோம். இது ஒரு பக்கம்.

மறுபக்கம் ஒன்று உண்டு. பிள்ளைகளை இழந்த தாய்மாருள் பலர் முன்னரே கருத்தடை அறுவை செய்துகொண்டவர்கள். அவர்கள் மீண்டும் கருவுறும்பொருட்டு, அதனை மாற்றும் அறுவைச் சிகிச்சைக்குத் தமிழ்நாட்டு அரசு உதவியது. அதன் பயனாகச் சில குடும்பங்களில் மீண்டும் குழந்தைகள் பிறந்தன. அப்பிள்ளைகள் இன்று வளர்ந்த இளம்பருவத்தினர். மாண்ட பிள்ளை உயிரோடிருந்தால் இப்பிள்ளை பிறந்திருக்காது. அத்தகைய தாய் ஒருவரிடம், “அந்நாளுக்குத் திரும்பிச் சென்று மூத்த பிள்ளையைக் காப்பாற்று” என்று சொன்னால், அவர் இளைய பிள்ளையின் முகத்தைப் பார்த்துக்கொண்டே செல்ல வேண்டியவராவார். ஒரு பிள்ளையைக் கையில் ஏந்த மற்றொரு பிள்ளையைக் கைவிட வேண்டும். எந்தத் தாய்க்கும் இத்தெரிவை அளிப்பது இரக்கம் ஆகாது. இழப்பு கொடியதுதான், எனினும் அதைத் தெரிந்தெடுக்கும் பொறுப்பு அத்தாயின்மேல் சுமத்தப்படவில்லை என்பது, அவருக்கு எஞ்சிய ஒரே ஆறுதலாகவும் இருக்கலாம்.

5. சுமையின் மூன்று கூறுகள்

மேற்கண்டவற்றினின்று இவ்வாற்றலின் சுமையை மூன்றாக வகுத்துக் காணலாம்.

முதலாவது, எல்லையற்ற கடமை. இன்று நம் கடமைக்கு எல்லை உண்டு. நம் காலத்தில், நம் கைக்கெட்டிய தூரத்தில் உள்ளவற்றிற்கே நாம் பொறுப்பாளிகள். கடந்த காலம் முழுவதும் ஒருவரின் கைக்கெட்டுமானால், தடுக்கப்படாத ஒவ்வொரு கொலையும், ஒவ்வொரு பஞ்சமும், ஒவ்வொரு விபத்தும் அவர் தடுக்காமல் விட்டவையாகிவிடும். அவர் உண்ணும் ஒவ்வொரு வேளையும் உறங்கும் ஒவ்வோர் இரவும் குற்றமாகும். எந்தப் பணியையும் முடித்தேன் என்று அவர் கூற இயலாது.

இரண்டாவது, பிறர் வாழ்வின்மீது கொள்ளும் ஆட்சி. கடந்த காலத்தை மாற்றுபவர், அதற்குப்பின் வாழும் அனைவரின் வாழ்வையும் அவர்தம் இசைவின்றியே மாற்றுகிறார். அவர்களுக்கு அறிவிப்பும் இல்லை. முறையிட வழியும் இல்லை. தாம் இழந்தது இன்னதென்று அறியவும் இயலாது. எவ்வளவு நல்லெண்ணத்துடன் செய்யினும் இது கொடுங்கோன்மையின் மிக முழுமையான வடிவமாகும். மனிதர் கடவுளின் இடத்தில் அமர்வது என்று திருமறை எச்சரிக்கும் பாவத்திற்கு இதனினும் பொருத்தமான எடுத்துக்காட்டுக் காண்பது அரிது.

மூன்றாவது, செயல்களின் பொருள் இழப்பு. செய்ததைச் செய்யாததாக்கலாம் எனில், எச்செயலும் முடிந்த செயல் ஆகாது. வாக்குறுதி கட்டுப்படுத்தாது, திருமண உடன்படிக்கைக்கு உறுதி இராது, துரோகம் செய்தவன் மனம் வருந்த வேண்டிய தேவையும் இராது. அவன் அந்நாளை அழித்துவிட்டால் போதும். அவனால் புண்பட்டவரோ, புண்ணை மட்டுமன்றி, புண்படுத்தப்பட்டேன் என்று சொல்லும் உரிமையையும் இழப்பார். ஆகவே, காலம் திரும்பாதிருப்பது நமக்கு இடப்பட்ட தண்டனை மட்டும் அன்று. நம் சொல்லுக்கும் செயலுக்கும் எடை தருவது அதுவே.

6. குற்றவுணர்வும் பொறுப்பும்

இவ்வாராய்ச்சியின் பயன் இங்கேதான் தொடங்குகின்றது. இயந்திரம் இல்லாத நம்மிடையே, இச்சுமையை வீணே சுமப்பவர் எத்தனையோ பேர்.

2004ஆம் ஆண்டு ஜூலை 16ஆம் நாள் கும்பகோணத்தில் பள்ளி ஒன்றில் ஏற்பட்ட தீயில் 94 குழந்தைகள் மாண்டனர். சமையற்கூடத்தில் எழுந்த தீ கூரைக்குப் பரவியது. தென்னங்கீற்றுக் கூரையின்கீழ் வகுப்புகள் நடந்துகொண்டிருந்தன. இத்தகைய துயரில் பிள்ளையை இழந்த தாய், “அன்று காலை நான்தானே தலைவாரி அனுப்பினேன்” என்று தன்னைத் தானே குற்றஞ்சாட்டிக்கொள்வது இயல்பு. இக்கூற்றில் ஒரு மறைவான பிழை உண்டு. மாலையில் வந்த அறிவைக் காலையில் இருந்த தாயிடம் அவர் கொண்டுசேர்க்கிறார். காலத்தில் பின்னோக்கிச் சென்ற ஒருவரால் மட்டுமே அறிந்திருக்கக்கூடியதை, அவ்வாறு செல்லாத ஒருவர் அறிந்திருக்க வேண்டும் என்று தீர்ப்பிடுகிறார். பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பியது அன்புள்ள செயல். பின் நேர்ந்தது எதுவும் அதனை அன்பற்ற செயலாக்க இயலாது. மேய்ப்புப் பணியில் ஈடுபடுவோர் இத்தகையோரிடம், “வருந்தாதீர்கள்” என்று கூறுவதைவிட, இவ்வேறுபாட்டைப் பொறுமையுடன் விளங்கச் செய்வது நலம். துயரம் வேறு, குற்றம் வேறு. துயரத்தை அவர்கள் சுமந்தே ஆகவேண்டும். குற்றத்தை அவர்கள் சுமக்கத் தேவையில்லை.

ஆனால் அதே நிகழ்ச்சியில், அறிந்திருக்கக்கூடியவர்களும் இருந்தனர். கீற்றுக் கூரையின் கீழ் குழந்தைகளை நெருக்கி அமர்த்துவதும், அருகில் அடுப்பு மூட்டுவதும் இடரானவை என்பதை அறிய எதிர்காலத்திலிருந்து ஒருவர் வரவேண்டியதில்லை. நடத்துவோரும் மேற்பார்வை செய்வோரும் அன்றே அறிந்திருக்க வேண்டியது அது. காலம் திரும்பாது என்னும் உண்மை தாய்க்கு ஆறுதல். இவர்களுக்கு அது சாக்குப்போக்கு ஆகாது. அன்று நம் கண்முன் இருந்ததற்கு நாம் கணக்குக் கொடுக்க வேண்டும், இருந்திராததற்கு அன்று.

செய்தபின் வருந்தத்தக்க செயலைப் பற்றித் திருக்குறளின் வினைத்தூய்மை அதிகாரத்தில் ஒரு குறள் உண்டு (655). அதன் பிற்பகுதிக்கு உரையாசிரியர் இருவகையாகப் பொருள் கொண்டனர். அத்தகைய செயலை மீண்டும் செய்யாதிருத்தல் நன்று என்பது ஒன்று. செய்ததை நினைந்து இரங்கிக்கொண்டிராமை நன்று என்பது பரிமேலழகர் கொண்டது. இவ்விரண்டும் ஒன்றையொன்று மறுப்பன அல்ல. முன்னதில்லாத பின்னது மரத்துப்போன மனம். பின்னதில்லாத முன்னது தன்னைத்தானே தின்னும் மனம்.

7. அழித்தல் அன்று, மீட்டல்

அக்குவினாஸ் கூறிய வேறுபாட்டிற்கு இப்பொழுது திரும்புவோம். நிகழ்ந்தது நிகழ்ந்ததே, ஆனால் அதன் கறை நீங்கலாம். கிறிஸ்தவ மரபு பாவமன்னிப்பு என்று கூறுவது, நிகழ்ந்ததை அழிக்கும் செயல் அன்று.

பேதுரு மறுதலித்த நிகழ்ச்சியை இங்குக் கருதலாம். தலைமை ஆசாரியரின் முற்றத்தில் கரிநெருப்பின் அருகே குளிர்காய்ந்துகொண்டு அவர் மும்முறை மறுதலித்தார் (யோவான் 18). பின்னர்க் கடற்கரையில் வேறொரு கரிநெருப்பின் அருகே மும்முறை அவரிடம் அன்பைப் பற்றி வினவப்பட்டது (யோவான் 21). பேதுரு அம்முற்றத்திற்குத் திருப்பி அனுப்பப்படவில்லை. அவ்விரவு அழிக்கப்படவும் இல்லை. அதன் நினைவு விலகாமலே, ஒவ்வொரு மறுதலிப்பிற்கும் எதிரே புதியதொரு சொல் வைக்கப்பட்டது. அதனுடன் ஒரு பணியும் ஒப்படைக்கப்பட்டது. உயிர்த்தெழுந்த உடலிலும் ஆணிகளின் தழும்புகள் இருந்தன என்று அதே நற்செய்தி நூல் கூறுகின்றது (யோவான் 20:27). மீட்கப்பட்ட எதிர்காலத்தில் கடந்த காலத்திற்கு இடமுண்டு. அது குருதி சிந்தும் புண்ணாக அன்றித் தழும்பாக நிலைக்கின்றது.

இது மலிவான ஆறுதலாகிவிடலாகாது. சகேயு மன்னிப்புப் பெற்றதோடு நிற்கவில்லை. ஏமாற்றியதை நான்கு மடங்காகத் திருப்பித் தருவதாகக் கூறினார் (லூக்கா 19:8). கடந்த காலத்திற்குத் திரும்ப இயலாது. கடந்த காலத்தில் பறித்ததைத் திருப்பிக் கொடுக்க இயலும். 1968ஆம் ஆண்டு டிசம்பர் 25ஆம் நாள், உலகம் கிறிஸ்து பிறப்பைக் கொண்டாடிய அதே இரவில், கீழ்வெண்மணியில் தலித் கூலி உழவர் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேர் குடிசை ஒன்றில் எரித்துக் கொல்லப்பட்டனர். அவர்களுள் பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும் ஆவர். தண்டிக்கப்பட்ட நிலக்கிழார்கள் மேல்முறையீட்டில் விடுவிக்கப்பட்டனர். அவ்விரவை எவராலும் மாற்ற முடியவில்லை. ஆனால் கிருஷ்ணம்மாள், ஜெகந்நாதன் ஆகிய காந்திய இணையர் அப்பகுதியில் தங்கி உழைத்தனர். 1981இல் லாஃப்டி என்னும் நில உரிமை இயக்கத்தைத் தொடங்கி, நிலமற்ற குடும்பங்களின் பெண்கள் பெயரில் நிலம் பெற்றுத் தந்தனர். அவ்விரவு நடவாததாகிவிடவில்லை. அவ்விரவிற்குக் காரணமான நிலமின்மையில் ஒரு பகுதி நீங்கியது.

8. நாம் நிற்கும் இடம்

இறுதியாக ஒன்றைக் கூறி முடிப்போம். கடந்த காலத்திற்குச் செல்லும் ஆற்றல் நமக்கு இல்லை. ஆனால் வருங்காலத்தவர் ஒருநாள் திரும்பி வர ஏங்கக்கூடிய கடந்த காலத்தில் நாம் இப்பொழுதே நின்றுகொண்டிருக்கிறோம். அவர்கள் எந்த நாளைக் குறித்து “அன்று மட்டும்” என்று சொல்லுவார்களோ, அந்நாள் இன்றாகவும் இருக்கலாம்.

ஆழிப்பேரலை வந்த அதே காலையில், புதுச்சேரிக்கு அருகிலுள்ள நல்லவாடு என்னும் மீனவர் ஊருக்குச் சிங்கப்பூரிலிருந்து ஒரு தொலைபேசி அழைப்பு வந்தது. அங்கே வேலை செய்த அவ்வூரார் ஒருவர் அலையைப் பற்றிய செய்தி அறிந்து எச்சரித்தார். எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் அவ்வூரில் ஏற்படுத்தியிருந்த கிராம அறிவு மையத்தின் ஒலிபெருக்கி வழியே செய்தி பரப்பப்பட்டது. மக்கள் கரையை விட்டு விலகி உயிர் தப்பினர். அவர் எதிர்காலத்திலிருந்து வரவில்லை. தமக்குத் தெரிந்ததை, தெரிந்த அப்பொழுதே சொன்னார். சொல்வதற்கு ஒரு கருவியும் கேட்பதற்கு ஓர் ஊரும் இருந்தன.

2007இல் ஐதராபாத்திலுள்ள தேசியப் பெருங்கடல் தகவல் சேவை மையத்தில் ஆழிப்பேரலை எச்சரிக்கை அமைப்புத் தொடங்கப்பட்டது. கும்பகோணத் தீக்குப்பின் தமிழ்நாட்டுப் பள்ளிகளில் கீற்றுக் கூரைகளை அகற்ற அரசு ஆணையிட்டது. மாண்டோரை இவை மீட்கவில்லை. திரும்பிச் சென்று நாம் செய்திருப்போம் என்று எண்ணியதை இவை முன்னோக்கிச் செய்கின்றன. மாண்டோருக்கு நாம் செலுத்தத்தக்க கடன் இதுவே. நம் ஊர்ப் பள்ளியின் கூரையை, ஆலையின் வாயிலை, குடிநீர்க் கிணற்றை இன்று சென்று பார்ப்பதற்குக் கால இயந்திரம் எதுவும் தேவையில்லை.

தேசூர்த் தறியில் அமர்ந்திருப்பவரின் முன்னே படைமரத்தில் சுற்றப்பட்ட துணியும், அப்பால் இன்னும் நெய்யப்படாத பாவும் உள்ளன. சுற்றப்பட்டதை அவர் மறுப்பதில்லை; அதன் பிழைகளையும் அறிவார். அவர் கையில் நாடா இருப்பது, நெய்யப்படாத பாவின் வாயில்.